ஏழேகால் மணிக் குரல்

காலை ஏழேகால் ஆனால் காதர்பேட்டை டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். "ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி." முழுக்கை சட்டை போட்ட முதலாளியும், பவர் டேபிள் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். செய்தி முடிந்தால்தான் சைக்கிளை எடுப்போம்.

அவர் 2022 ஆகஸ்ட் 13-ல் மும்பையில் காலமானார். வயது 87. தஞ்சாவூர்ப் பூர்வீகம், ஆனால் பிறந்து வளர்ந்தது பம்பாய். தில்லி வானொலியில் சுமார் 35 வருடங்கள் செய்தி வாசித்தார். தமிழக அரசு கலைமாமணி விருது கொடுத்தது. பூர்ணம் விஸ்வநாதன், பஞ்சாபகேசன், விஜயம் என்று தில்லியில் இன்னும் பல நல்ல குரல்கள் உண்டு. ஆனாலும் எங்கள் ஊரில் "சரோஜ் என்ன சொன்னாங்க?" என்றுதான் கேட்பார்கள். பம்பாயில் வளர்ந்தவருக்கு ழகரம் அப்படி வந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். வெள்ளமோ, தேர்தலோ, கிரிக்கெட்டோ, எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

1984-ஐ மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த வருடம் அது. அடுப்பு எரியாத வீடுகள் எத்தனையோ. தினமும் ஏழேகாலுக்கு, இன்றாவது தில்லியில் நம் ஊர்ப் பெயரைச் சொல்வார்களா என்று காத்திருந்தோம். சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதே வருடம் அக்டோபர் 31. காலையில் இந்திரா காந்தியைச் சுட்டார்கள். பி.பி.சி. பகலிலேயே மரணத்தைச் சொல்லிவிட்டது; ஊருக்குள்ளும் பேச்சு வந்துவிட்டது. "ஆகாசவாணி சொல்லட்டும், அப்புறம் நம்பலாம்" என்று கடைக்காரர் ஒரே பிடியாக நின்றார். வானொலி அதை அறிவித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை பாதிக் கடைகள் திறந்தே இருந்தன.

பிற்பாடு யோசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அரசாங்கம் பகல் முழுக்க அடக்கி வைத்திருந்த செய்திக்காக, அந்தக் குரல்களின் மேல் இருந்த நம்பிக்கையால் நாங்கள் காத்துக் கிடந்தோம். வாசிப்பவர் மேல் இதில் குற்றமில்லை. தாளில் இருப்பதைத்தான் அவர் வாசிக்க முடியும். அந்த வித்தியாசம் எங்களுக்குத்தான் அன்று தெரியவில்லை.

பிறகு தூர்தர்ஷன் வந்தது. ஷோபனா ரவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தி கேட்டோம். தில்லித் தமிழ்ச் செய்திப் பிரிவும் இப்போது சென்னைக்கு வந்துவிட்டது.

அந்த 127 நாளில் ஒரு நாளாவது தில்லிச் செய்தியில் "திருப்பூர்" என்று காதால் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் நினைவு தப்பாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.