மூன்றாம் பத்தி: அரசு ஏன் தலித்திடம் சாமி பெயர் கேட்கிறது?

1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் கடவுள் வாக்கெடுப்பில் நின்றார். அரசியலமைப்பின் முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். ஆண் கடவுள் மட்டும் எதற்கு, தேவியின் பெயரையும் சேருங்கள் என்றார் அசாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சவுத்ரி. திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான். ஆனாலும், இதை ஏற்றால் நம்பிக்கையைக் கட்டாயமாக்குவது போலாகிவிடும் என்று எதிர்த்தார். அவைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் வாக்குக்கு விட்டார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் தோற்றார்.

மதச்சார்பின்மை பற்றிப் பேசும் படிப்பு வட்டங்களில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வோம். 1976-இல் 42-ஆவது திருத்தம் வழியாக முகப்புரையில் அந்தச் சொல்லே ஏறியதையும் சேர்த்துச் சொல்வோம். இரண்டுக்கும் நடுவில், 1950 ஆகஸ்ட் 10 அன்று, அதே ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராகக் கையெழுத்திட்ட ஆணை மட்டும் நம் பேச்சில் வருவதே இல்லை.

பட்டியல் சாதிகள் எவை என்று வரையறுக்கும் ஆணை அது. அரசியலமைப்பின் 341-ஆவது பிரிவு கொடுத்த அதிகாரத்தில் பிறந்தது. 341-இல் மதம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆணையின் மூன்றாம் பத்தியில் இருக்கிறது. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்கிறது அது. விதிவிலக்கு, பஞ்சாப் பகுதியின் நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும். வெள்ளைக்காரன் காலத்து 1936 ஆணையிலும் இந்தியக் கிறித்தவர்களை வெளியே நிறுத்தும் வரி இருந்தது. சுதந்திர இந்தியா அந்தக் கதவுக்கு இன்னும் பெரிய பூட்டாகப் போட்டது.

பழங்குடியினருக்கு இப்படி ஒரு நிபந்தனை இல்லை. கிறித்தவரான பழங்குடியும் பழங்குடிதான். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் முஸ்லிம், கிறித்தவப் பிரிவுகள் உண்டு. நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டு உரிமை கொடுப்பது பட்டியல் சாதிகளிடம் மட்டும்தான்.

இதில் நாத்திகத் தோழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர்' வெளியே. எந்த மதத்தையும் பின்பற்றாதவர்? அவருக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளையார் சிலையை உடைத்தாலும், ராமர் படத்தைக் கொளுத்தினாலும், சான்றிதழில் இந்துதான். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் இல்லையென்றால் பொதுவாக இந்துச் சட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆக, ஒரு தலித் கடவுளே இல்லை என்று சொல்வதைப் பற்றி இந்த அரசுக்குக் கவலை இல்லை. அவர் வேறு ஒரு கூட்டத்தோடு போய் உட்கார்வதுதான் அதற்குப் பிரச்சினை. இந்த ஆணையைப் பொறுத்தவரை நம்பிக்கையா அவநம்பிக்கையா என்ற விவாதம் இரண்டாம் பட்சம். ஊரை விட்டு வெளியேறுகிறாயா இல்லையா என்பதே கேள்வி.

அம்பேத்கருக்கு இது தெரியாதிருக்க வாய்ப்பில்லை. சட்டம் எழுதியவர்களில் ஒருவர் அவர். 1954-இல் ரங்கூனில் நடந்த பவுத்த மாநாட்டில் பெரியாரைச் சந்தித்தபோது, நீங்களும் சேருங்கள் என்று கேட்டிருக்கிறார். உள்ளே இருந்தால்தான் இந்து மதத்தைத் திட்ட முடியும் என்று தான் மறுத்ததைப் பெரியாரே பின்னால் சொல்லியிருக்கிறார். இருவரில் யார் சரி என்று பட்டிமன்றம் நடத்துவது நமக்குப் பிடித்த வேலை. சட்டம் இருவரையும் எப்படி நடத்தியது என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. பெரியார் வழியில் போன தலித்துக்குச் சட்டத்தில் இழப்பில்லை. அம்பேத்கர் வழியில் போனவருக்கு இருந்தது.

1956 அக்டோபர் 14, நாக்பூர். லட்சக்கணக்கானோர் பவுத்தம் ஏற்றார்கள். ஆணை அந்த ஆண்டு திருத்தப்பட்டபோது சீக்கியர் எல்லோரும் உள்ளே வந்தார்கள். பவுத்தர்கள் வரவில்லை. கூத்து என்னவென்றால், திருமணத்துக்கும் சொத்துக்கும் பவுத்தர்கள் இந்துச் சட்டத்தின் கீழ்தான். இடஒதுக்கீடு என்று வந்தால் இந்து இல்லை! மகாராஷ்டிரத்தில் 1962 தேர்தலில் தனித்தொகுதியில் வென்ற டி.பி. மேஷ்ராமின் வெற்றி, அவர் பவுத்தத்துக்கு மாறிவிட்டார் என்பதால் செல்லாமல் போனது. 1964-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. பவுத்தர்கள் பட்டியலுக்குள் வர 1990 வரை, வி.பி. சிங் அரசு வரும்வரை, காத்திருந்தார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள். ஒரு தலைமுறை படிப்பையும் வேலையையும் இழக்கப் போதுமான காலம்.

இதைவிடத் தெளிவாக விஷயத்தைக் காட்டும் ஊர் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் சுரங்கத்துக்குப் போன நம் மக்களின் ஊர். 1898-இல் பவுத்தம் ஏற்று ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கம் ஆழமாக வேரூன்றிய இடங்களில் ஒன்று. அவருடைய எழுத்துகள் நூல்களாக நிலைத்ததில் தங்கவயல் பவுத்தர்களுக்குப் பெரிய பங்குண்டு. நாம் இந்துக்களே அல்ல என்ற வாதத்தைச் சுரங்கத் தொழிலாளிகள் கூடிப் படித்த ஊர் அது.

அதே ஊரின் தனித்தொகுதியில் 1967-இல் எஸ். ராஜகோபால் வென்றார். தோற்ற சி.எம். ஆறுமுகம், ராஜகோபால் கிறித்தவர் என்று வழக்குப் போட்டார். 1968-இல் உச்சநீதிமன்றமும் தேர்தல் செல்லாது என்றது. 1972-இல் ராஜகோபால் மறுபடி வென்றார், மறுபடி வழக்கு. இந்த முறை, 1975-இல், அவர் இந்துவாகத் திரும்பிவிட்டார், சாதிக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்று தீர்ப்பு வந்தது. கோயில் காரியங்களில் கலந்துகொண்டது, பிள்ளைகளின் பள்ளிப் பதிவில் இருந்த விவரம் எல்லாம் சாட்சியமாக அலசப்பட்டன. ஒரு மக்கள் பிரதிநிதி தன் சாதிக்குத் திரும்பியதை நிரூபிக்கக் கோயில் வாசலில் நின்றதைக் காட்ட வேண்டியிருந்தது. சாதியை ஒழிக்கப் பிறந்த ஒதுக்கீடு, சாதிக்காரர்களின் அங்கீகாரத்தைச் சான்றாகக் கேட்டது.

அடுத்தது சென்னை. சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவரின் வழக்கு. 'சூசை வழக்கு' என்று சட்ட மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அரசு செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே சாதி, அதே தொழில், அதே வெயில். மதம் வேறு என்பதால் இவருக்கு இல்லை. 1985-இல் உச்சநீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, புதிய மதத்திலும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிறுவ வேண்டுமாம். தெருவில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர் எங்கே போய் ஆய்வறிக்கை எழுதுவார்?

திருச்சபையும் யோக்கியமில்லை. சேரிக்குத் தனிக் கல்லறை வைத்த பங்குகள் தமிழ்நாட்டில் உண்டு. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து சாதிக் கிறித்தவர்களின் வன்முறை வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். கிறித்தவத்தில் சாதி இல்லை என்ற வாதத்தை இந்தப் பக்கம் ஆயர்களும் அந்தப் பக்கம் அரசும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடிபட்டவர் தலித் கிறித்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது, ஏனென்றால் அவர் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர்.

களப்பணியில் இதன் விளைவைத் தினமும் பார்க்கிறேன். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று. விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றால் மாதா படம் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். பிரிவு 25 மனச்சான்றுச் சுதந்திரம் தருகிறது என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அதை எப்படி விளக்குவது?

தலித் அமைப்புகளுக்குள்ளேயே எதிர்ப்பு இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருக்கிற பங்கில் இன்னும் ஆட்கள் வந்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்ற அச்சம் நியாயமானது. கல்வியில் முன்னேறியவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்ற சந்தேகமும் இருக்கிறது. என் கருத்து, மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கையும் கூட்டக் கேட்பதே சரி. ஆனால் இந்திய மண்ணில் பிறந்த மதமா என்ற அளவுகோலை மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. தீண்டாமைக்குப் பிறந்த மண் எது என்று கேட்டால் அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அறிக்கை கொடுத்தது. அது கிடப்பில் கிடக்க, 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். அன்று உச்சநீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு எழுத்தர் பணிக்குத் தேர்வான அவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். தேவாலயத்துக்குப் போகும் கிறித்தவர், ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டபோது அவர் கைக்குழந்தை.