சோதனைமேடையும் பந்தயப்பாதையும்

வெளியேறும் புகையால் சுழன்று, இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் திணிப்பதே டேர்போ. சுமையின்றி உறுமவிட்டால் அந்த அழுத்தம் போதிய அளவு ஏறுவதில்லை. சோதனைமேடை சுமையைக் கொடுத்து, சுழற்சியை ஓரிடத்தில் பிடித்து வைக்கிறது. எரிபொருள் கூடுதலாக எரியப் புகை பெருகி, அழுத்தம் நிதானமாக ஏறும்.

பந்தயப்பாதையில் அந்த நிதானம் ஏது? பிரான்சின் ரெனோ நிறுவனம் 1977இல் சில்வர்ஸ்ரோன் போர்முலா வன் பந்தயத்துக்கு 1.5 லீற்றர் டேர்போ காருடன் வந்தது. வலு ஏறத்தாழ 500 குதிரைவலு. எதிராளிகளின் 3 லீற்றர் கார்களுக்குச் சளைத்ததல்ல. ஆனால் வளைவில் சாரதி காலை எடுத்ததும் அழுத்தம் இறங்கிவிடும். மீண்டும் மிதித்தால் பெரிய ஒற்றை டேர்போ விழித்தெழச் சுணங்கும். இயந்திரமும் அடிக்கடி பழுதாகிப் புகைந்தது. ‘மஞ்சள் தேநீர்க் கேத்தல்’ என்று நகைத்தனர். (நகைத்தவர்களில் பலர் 1980களில் டேர்போவுக்கே மாறினர்.)

1979இல் வி வடிவ இயந்திரத்தின் இரு பக்கங்களுக்கும் தனித்தனியே சிறிய டேர்போக்கள் பொருத்தப்பட்டன. சிறு சக்கரம் விரைவில் வேகமெடுக்கும். குதிரைவலுவைக் கூட்டியதைவிட இதுவே பெரிய மாற்றம் என்பது என் கணிப்பு. அவ்வாண்டு யூலை 1இல் டிஜோன் நகரில் ஜோன் பியேர் ஜபூய் முதலாவதாக வந்தார். போர்முலா வன்னில் டேர்போ கார் ஒன்று பெற்ற முதல் வெற்றி அது.