கண்ணாடியிழைப் படகு
கண்ணாடியிழைப் படகு: கண்ணாடியிழைப் பாயைப் பிசினில் தோய்த்து அச்சில் அடுக்கடுக்காகப் படியவைத்து உருவாக்கப்படும் கலம். தமிழக மீனவர் வழக்கில் 'பைபர் படகு'. மீன்பிடிப் படகு, உல்லாசப் படகு, 1970களில் கவாசாகி நிறுவனம் பரப்பிய நின்றோட்டும் ஜெட் ஸ்கீ ஆகியவை இவ்வகையின.

செய்முறை: பாலியெஸ்டர் பிசினில் கோபால்ட் முடுக்கியும் பெராக்சைடு வினையூக்கியும் தனித்தனியே கலக்கப்படும், இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். கலவை வெப்பத்தை வெளியிட்டு இறுகும்.

படகின் உடல் மாற்றம்: பழைய பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, புதிய அடுக்குகள் ஒட்டப்படும். இறுகிய பரப்பில் பாலியெஸ்டரைவிட எப்பாக்சி வலுவாகப் பற்றும். பாலியெஸ்டர் பிசினிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைப்பதால், உருவம் கூட்டவும் மிதப்புக்கும் பாலியூரித்தேன் நுரை பயன்படும். ஸ்டைரீன் ஆவி தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமும் முகமூடியும் தேவை.

வரலாறு: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், அலைகடந்து கரையேறும் கண்ணாடியிழைப் படகுகளைச் சோதித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணமாகப் பெருமளவில் வழங்கப்பட்ட இவை, பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலிலும் இப்படகுகள் புழக்கத்தில் உள்ளன.