இருட்டில் எண்ணிய பெண்கள்

பெர்லினின் ஆட்லர்ஸ்ஹோஃப் பகுதியில் 2008 முதல் ஒரு சிறிய சின்க்ரோட்ரான் வளையம் இயங்குகிறது. அளவியலுக்கென்றே கட்டியது. வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் எத்தனை, அவற்றின் ஆற்றல், காந்தப்புலம், கருவி இருக்கும் தூரம் ஆகியவை தெரிந்தால் வெளிவரும் ஒளியின் அளவைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். கதிர்வீச்சு உணரும் கருவியை அந்த ஒளியின் முன் வைத்து, அது காட்டும் எண்ணைக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். தேவைப்பட்டால் ஒரே ஒரு எலக்ட்ரானை மட்டும் சுற்றவிடவும் முடியும்.

இயற்பியல் மாணவியாக இதைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி வேறு. இந்தக் கருவிகள் வருவதற்கு முன் எண்ணியது எது? கண். யாருடைய கண்?

1920களில் வியன்னாவின் ரேடியம் ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் பெட்டர்சனும் கெர்ஹார்ட் கிர்ஷும் பல தனிமங்களின் அணுக்கருவைச் சிதைத்துக் காட்டியதாகச் சொன்னார்கள். கார்பனும் அதில் அடக்கம். கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டும் ஜேம்ஸ் சாட்விக்கும் மறுத்தார்கள். இரு தரப்புக்கும் சாட்சி ஒன்றேதான்: துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் துகள் பட்டதும் மின்னி மறையும் ஒரு புள்ளி. முதலில் கண் பழகும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, கொஞ்ச நேரம் எண்ணி, ஓய்வெடுத்து, மீண்டும் எண்ண வேண்டும்.

டிசம்பர் 1927இல் சாட்விக் வியன்னாவுக்கே போனார். அங்கே ஆண்கள் எவரும் எண்ணுவதில்லை. மூன்று இளம்பெண்கள்தான் எண்ணுகிறார்கள் என்று ரூதர்ஃபோர்டுக்கு எழுதினார். ஆண்களுக்கு இந்த வேலை சலித்துவிடும், பெண்களால் முடிவேயில்லாமல் செய்ய முடியும் என்பது பெட்டர்சன் தந்த விளக்கம். (நம் வீட்டுச் சமையலறையிலும் கேட்ட விளக்கம்தான்.)

சாட்விக் தானே கருவியை அமைத்தார். என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று எண்ணுபவர்களிடம் சொல்லவில்லை. வியன்னா சொல்லிவந்த எண்கள் வரவில்லை. கேம்பிரிட்ஜின் எண்களே வந்தன. பெட்டர்சன் கோபப்பட்டார். விஷயம் வெளியில் பேசப்படாமல் அமுக்கப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்களின் கண் ஏமாந்ததாக முடிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே மூன்று பெண்கள், அதே கண்கள். முன்கூட்டியே விடையைக் காதில் போடாதபோது சரியாகவே எண்ணினார்கள். அந்தச் சோதனையில் கருவி தேறியது. பிழை, கருவியைப் பயன்படுத்திய முறையில் இருந்தது. அந்த முறையை வகுத்தவர்கள் அவர்கள் அல்ல.

கண்ணுக்குப் பதில் வேறொன்று வேண்டும் என்ற வேலையைச் செய்தவர்களும் அதே நிறுவனத்துப் பெண்களே. மரியெட்டா பிளாவ் 1925 முதல் புரோட்டானின் தடத்தை ஒளிப்படப் பூச்சில் பதிக்க முயன்றார். அங்கே பல ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் உழைத்தவர். பெர்த்தா கார்லிக்கும் எலிசபெத் காரா-மிகைலோவாவும் திரையின் மின்னலை ஒளிமின்கலத்தால் அளந்தார்கள். கார்லிக் பின்னர் அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார். 1956இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் முதல் முழுநிலைப் பெண் பேராசிரியர். யூதரான பிளாவ் 1938இல் ஆஸ்திரியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. ஒளிப்பட முறையை வளர்த்ததற்காக 1950இல் நோபெல் பரிசு பெற்றவர் செசில் பவல்.

எண்ணிய மூவரும் சாட்விக்கின் கடிதத்தில் ‘மூன்று இளம்பெண்கள்’ மட்டுமே.