ஆயில் எத்தனை மில்லி?

காலையில ஆறு மணிக்கு மத்திகிரி கூட்ரோட்டுல நின்னு, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து ஓசூருக்குப் போற எக்ஸ்எல் வண்டிகளை எண்ண ஆரம்பிச்சேன். ரோஜாக் கட்டு, பால் கேன், முட்டைக்கோஸ் மூட்டை... டீ தீர்றதுக்குள்ள எண்ணிக்கை தப்பிப் போச்சு. எண்ணினதை விட, ஒரு விஷயம் உறைச்சது: ரோட்டுல அந்த நீலப் புகை இல்லை.

எங்க ஊருக்கும் வாகனத்துக்கும் பழைய பந்தம். இங்க இருக்கற கால்நடைப் பண்ணையே 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஆரம்பிச்சதுதான். (அது தனிக்கதை, இன்னொரு நாள்.) 1980-ல் பக்கத்து ஓசூர்ல சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவு டிவிஎஸ் 50-ஐக் கொண்டு வந்தது. ரெண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் என்று பேர். கியர் கிடையாது, முன்னாடி மூட்டை வைக்க இடம் உண்டு, விலை குறைவு. சைக்கிள்காரர் அடுத்து ஏறுகிற வண்டி அது.

ஆனா உள்ளே இருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல ஆயில் தனியா அடியில கிடக்கும். இதுல பெட்ரோலோடயே கலந்து எரியும். அதான் பங்க்ல "ஆயில் எத்தனை மில்லி?" என்ற கேள்வி. அதுவும் தவிர, புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும்போதே பழைய புகை வெளியே போகும். ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறந்திருக்கற வீடு மாதிரி. வந்த பெட்ரோல்ல ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா ஓடிடும். காசு கொடுத்து வாங்கி காத்துல விடறது! மெக்கானிக்குங்க சைலன்சரைக் கழட்டி நெருப்புல போட்டு கரி எடுக்கறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

இது ஒரே நாள்ல சரியாகலை. அரசாங்கம் படிப்படியா இறுக்கியது. இருசக்கர வாகனம் ஒரு கிலோமீட்டருக்கு விடலாம் என்ற ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ரெண்டும் சேர்த்து 1996-ல் 3.6 கிராம். 2000-ல் 2. 2005-ல் 1.5. 2010-ல் 1. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்போ ஹைட்ரோகார்பன் 0.1, நைட்ரஜன் ஆக்சைடு 0.06. இடையில சோதனை முறை மாறினதால அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனா போன திசை தெரியுதில்ல? 2000 பிப்ரவரியில ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுக்க வந்ததும் ஒரு படி. ஈயம் இருந்தா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்துப் போகும். பெட்ரோல் மாறாம வண்டி மாற முடியாது.

வண்டியிலும் அதே கதை. 2015-ல் எக்ஸ்எல் 100, 99.7 சிசி, நாலு ஸ்ட்ரோக். ஆயில் கேள்விக்கு வேலை இல்லாமப் போச்சு. 2018-ல் பட்டன் ஸ்டார்ட். 2020-ல் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பாருங்க, எதுலயும் அந்த உருவம் மாறலை. மூட்டை வைக்கற இடத்துல யாரும் கை வைக்கலை. அதுல கை வச்சிருந்தா எங்க பால்காரர் வாங்கியிருக்க மாட்டார், பழைய புகை வண்டியையே ஓட்டியிருப்பார்.

ஓசூர்ல இந்தச் சின்னச் சின்ன மாத்தத்துக்கு 'கைசன்'னு பேரு. டிவிஎஸ் மோட்டார் 2002-ல் ஜப்பானோட டெமிங் பரிசு வாங்கினது இந்த வழியிலதான். சிப்காட் பக்கம் வேலை பாக்கறவங்க வீட்ல இந்த ஜப்பான் வார்த்தை பாட்டிக்குக் கூடத் தெரியும் :-)

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. நாலு ஸ்ட்ரோக் ஒண்ணும் புது வித்தை இல்லை. ஹீரோ ஹோண்டா சிடி 100 1985-லேயே வந்தாச்சு. மொபெட்டுக்கு அது வர இன்னும் முப்பது வருஷம். விலைதான் காரணம்னு சொல்லலாம், ஒத்துக்கறேன். ஆனா 'மெதுவா மாறுவோம்' என்பதுக்குள்ள 'அப்புறம் பாத்துக்கலாம்' ஒளிஞ்சிக்க நிறைய இடம் இருக்கு. அந்த முப்பது வருஷப் புகையை சுவாசிச்சதும் அதே பால்காரர்தான்.

இன்னொண்ணு. ஸ்பேனரும் ஸ்பார்க் பிளக்கும் இருந்தா ரோட்டோரத்துல சரி பண்ணின காலம் போச்சு. இன்ஜெக்‌ஷன், சென்சார்னு வந்ததும் மரத்தடி மெக்கானிக் கையை விரிக்கறார். இருபது வருஷம் தட்டித் தட்டி ஓட்டறதும் ஒரு வகைச் சிக்கனம்தானே? அந்தக் கணக்கை எந்தக் கிராம்ல அளக்கறது?

டீக்கடையில இதைச் சொன்னப்போ பக்கத்துல இருந்த பூக்காரப் பெரியவர் சிரிச்சார். "புகை போனது நல்லதுதான் தம்பி. முன்னெல்லாம் கூடையில மேல இருக்கற ரோஜா மார்க்கெட் போறதுக்குள்ள ஆயில் வாசம் அடிக்கும்" என்றார்.