அந்தக் கதவில் இருக்கும் பெயிண்ட்டுக்கு வயசு என்ன?

இன்னைக்கு எபிசோடு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. "பழைய வீடு இடிச்ச இடத்துல ஒரு தேக்குக் கதவு வாங்கினேன். மேல இருக்கிற பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டு டேபிளா மாத்தப் போறேன். என்ன வார்னிஷ் அடிக்கலாம்?" வீட்டுல சின்னச் சின்ன மரவேலை செஞ்சு பார்க்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விதான் இது.

வார்னிஷ் எதுவா வேணா இருக்கட்டும். எனக்கு அதுக்கு முந்தின கேள்விதான் முக்கியமாப் படுது. அந்தப் பழைய பெயிண்ட்ல என்ன இருக்கு? அதைத் தேய்க்கும்போது வர்ற தூசி யாரோட உடம்புக்குள்ள போகும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது.

கதையின் நாயகன் காரீயம். ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடுவோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாங்களே, அது வெள்ளீயம், அதாவது டின். நான் சொல்றது லெட். இதிலிருந்து செய்யும் வெள்ளை நிறப்பொடிக்கு ஒயிட் லெட் என்று பெயர். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு வெள்ளை பெயிண்ட் என்றாலே பெரும்பாலும் இதுதான்.

பெயிண்டர்கள் இதை விரும்பினதுக்குக் காரணம் இருக்கு. ஆளிவிதை எண்ணெயோடு சேரும்போது ஒயிட் லெட் அதோடு வினைபுரிந்து, வளைந்து கொடுக்கும் கெட்டியான படலமாகிறது. மரம் மழையில் விரிந்தாலும் வெயிலில் சுருங்கினாலும் சீக்கிரம் வெடிக்காது. கீழே இருக்கும் நிறத்தையும் நன்றாக மறைக்கும். பார்க்க அழகு, உழைப்பும் அதிகம். வேற என்ன வேணும்?

அது விஷம் என்பது யாருக்கும் தெரியாமல் இருந்ததா? இல்லை. சுமார் 2,000 வருடங்களுக்கு முன்பே ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், ஈயக் குழாயைவிடச் சுட்ட மண் குழாய்தான் உடம்புக்கு நல்லது என்று எழுதினார். ஈய வேலை செய்பவர்களின் வெளிறிய முகத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார். 1786-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், காரீயத்தின் கெடுதல்களைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த விஷயம் அறுபது வருடமாகவே தெரியும், தெரிந்த உண்மையை உலகம் ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள் என்பதுதான் அவருடைய வருத்தம்.

ஒயிட் லெட் தயாரித்த விதத்தையும் கேளுங்க. வினிகர் ஊற்றிய மண் ஜாடிகளில் ஈயத் தகடுகளை வைத்து, சுற்றிலும் குதிரைச் சாணத்தையோ தோல் பதனிடும் மரப்பட்டையையோ குவித்து, சுமார் மூன்று மாதம் மூடி வைப்பார்கள். அந்தச் சூட்டிலும் வாயுவிலும் தகடு வெள்ளைச் செதில்களாக மாறும். இங்கிலாந்தில் இதைச் சுமந்து அள்ளியவர்களில் பலர் ஏழைப் பெண்கள். 1860-களில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் கிழக்கு லண்டன் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து அவர்களைப் பற்றி எழுதினார். உடம்பு கெடும் என்று அந்தப் பெண்களுக்கே தெரியும். வேறு வேலைதான் இல்லை.

சரி, மாற்றுப் பொருளே இல்லையா? இருந்தது. பாரிஸில் ஜான் லெக்லேர் என்ற பெயிண்டிங் கான்ட்ராக்டர் இருந்தார். தன் ஆட்கள் நோயில் விழுவதைப் பார்த்து, 1840-களில் ஒயிட் லெட்டைக் கைவிட்டு, துத்தநாகத்தில் செய்த ஜிங்க் வெள்ளைக்கு மாறினார். அதில் சிரமமும் இருந்தது. மறைக்கும் திறன் குறைவு, காய நேரமாகும், கூடுதல் கோட்டு அடிக்க வேண்டும். இருந்தும் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டார். சுவர் எப்படித் தெரியும் என்பதோடு நிறுத்தாமல், பிரஷ்ஷைப் பிடிக்கும் ஆளைப் பற்றியும் யோசித்து அவர் எடுத்த முடிவு அது.

இதுவரைக்கும் பேசினது வேலை செய்பவர்களைப் பற்றி. குழந்தைகள் இந்தக் கதைக்குள் வந்தது ஆஸ்திரேலியாவில். பிரிஸ்பேன் மருத்துவமனைக்குக் கை கால் துவண்டு, பார்வை கெட்டுக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். காரீய நஞ்சு என்று 1890-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கிருந்து வருகிறது என்பதுதான் புதிர். 1904-ல் கண் மருத்துவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் விடையைச் சொன்னார்: வீட்டு வராண்டாவின் மரக் கைப்பிடிகள். கடும் வெயிலில் பெயிண்ட் பொடிந்து மாவாகும். குழந்தை அதைப் பிடித்து விளையாடும், பிறகு விரல் சூப்பும், நகம் கடிக்கும். அவ்வளவுதான். 1922-ல் குயின்ஸ்லாந்து மாநிலம், குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் ஈய பெயிண்ட்டைத் தடுக்கச் சட்டம் போட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1921-ல், ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தது. கட்டடங்களின் உள்பக்கம் ஒயிட் லெட் அடிக்கக் கூடாது, சில விலக்குகள் உண்டு என்றது. அமெரிக்கா அதில் சேரவில்லை. அங்கே நடந்ததைக் கேளுங்க. ஒயிட் லெட் விற்ற 'டச் பாய்' பிராண்டின் விளம்பரமாக, 1923-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு வண்ணம் தீட்டும் புத்தகம் வெளிவந்தது. ஆமா, குழந்தைகளுக்கு!

பிறகு வந்த வருடங்களில் குழந்தைகள் நோயுற்றபோது, கண்டதையும் வாயில் வைக்கும் பழக்கம், கவனமில்லாத பெற்றோர், பராமரிக்காத வீடு என்று தொழில்துறை பழியை வேறு பக்கம் தள்ளியது. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற இன்னும் நல்ல வெள்ளை சந்தைக்கு வந்த பிறகுதான் ஒயிட் லெட் மெல்ல மெல்ல ஒதுங்கியது. 1978-ல்தான் அமெரிக்கா வீட்டு பெயிண்ட்டில் காரீயத்தைத் தடை செய்தது. 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மேன், விழுந்த பால் பற்களைச் சேகரித்து அளந்து காட்டினார்: வெளிப்பார்வைக்கு எந்த நோயும் இல்லாத பிள்ளைகளிலும், பல்லில் காரீயம் அதிகமானால் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணும் வகுப்பில் கவனமும் குறைவாக இருந்தன. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் வீட்டு பெயிண்ட்டுக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, 2016-ல்தான் விதியானது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதுக்கு முன்னாடி அடிச்ச எல்லா பெயிண்ட்டிலும் காரீயம் இருக்கும்னு நான் சொல்லலை. இல்லைன்னு நம்ப முடியாது, அவ்வளவுதான். முக்கியமா பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல். லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறப்பொடியை இந்த நிறங்களுக்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம்ம வீட்டு நிலைவாசல் மஞ்சளையும் ஜன்னல் கம்பிப் பச்சையையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

அதனால அந்தக் கதவை என்ன செய்யலாம்? முடிந்தால் பெயிண்ட் செதிலை ஒரு ஆய்வகத்தில் சோதிக்கலாம். முடியலைன்னா காரீயம் இருக்குன்னே வெச்சுக்கோங்க. பெயிண்ட் உரியாமல் உறுதியா இருந்தா, சுரண்டாமல் மேலேயே புதுக் கோட்டு அடிப்பது பாதுகாப்பான வழி. எடுத்தே ஆகணும்னா வெளியிடத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்கணும். உலர்வா மெஷின் போடக் கூடாது, தீயில் வாட்டக் கூடாது. துணி மாஸ்க் போதாது, ஃபில்டர் உள்ள ரெஸ்பிரேட்டர் வேணும். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கணும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்திலேயே வரக் கூடாது. புது டப்பா வாங்கும்போது காரீய அளவு போட்டிருக்கான்னு பாருங்க. 2016 விதி வீட்டு, அலங்கார பெயிண்ட்டுக்கு மட்டும்தான். தொழிற்சாலைக்கான பெயிண்ட்டை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

இந்த வேலையை நாம செய்யாம ஒரு பெயிண்டர் அண்ணன்கிட்ட கொடுத்தா, அந்தத் தூசி அவருக்குப் போகும், அவர் சட்டையில ஒட்டி அவர் வீட்டுப் பிள்ளைக்கும் போகும். ஈரமாத் தேய்ச்சா கூடுதலா ரெண்டு நாள் ஆகும். அந்த ரெண்டு நாள் கூலியையும் ஒரு நல்ல மாஸ்க்கையும் கொடுக்குறது நம்ம பொறுப்பு. நூற்றியெண்பது வருஷத்துக்கு முன்னாடி பாரிஸ்ல ஒரு கான்ட்ராக்டர் அந்தக் கணக்கைத்தான் போட்டார். நம்மாலும் போட முடியும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.