ஓடாத ரயிலுக்கு வரி: சியாட்டில் மோனோரயில் கதை

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1962 உலகக் கண்காட்சிக்காக ஒரு மைல் நீளத்துக்கு மோனோரயில் கட்டினார்கள். கண்காட்சி முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. 'இதையே ஊர் முழுக்க நீட்டினால் என்ன?' என்று கேட்டவர் டிக் ஃபால்கன்பரி என்ற டாக்சி ஓட்டுநர். கையெழுத்து திரட்டி, யோசனையை வாக்கெடுப்புக்கே கொண்டு வந்துவிட்டார். 1997ல் மக்களும் ஆதரித்தார்கள்.

2002ல் 14 மைல் நீளமுள்ள 'பச்சைத் தடம்' வாக்கெடுப்புக்கு வந்தது. வெறும் 877 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. பணத்துக்கு வழி? நகரவாசிகளின் வாகனங்கள் மீது, அவற்றின் மதிப்பில் 1.4 சதவீதம் ஆண்டு வரி.

இங்கேதான் கணக்கு உதைத்தது. எதிர்பார்த்ததை விட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வரி வந்தது. வருமானம் சிறுத்ததால் கடனை நீண்ட காலத்துக்கு இழுக்க வேண்டியதாயிற்று. காலம் நீண்டால் வட்டியும் ஏறும் அல்லவா? கட்டுமானச் செலவு சுமார் 200 கோடி டாலர்தான். ஆனால் 2005 ஜூனில் வெளியான நிதித் திட்டப்படி, வட்டியோடு சேர்த்து மொத்தச் சுமை 1,100 கோடி டாலர்! ஊரே அதிர்ந்தது. மேயரும் ஆதரவை விலக்கிக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த ஐந்தாவது வாக்கெடுப்பில் மக்கள் திட்டத்தை நிராகரித்தார்கள்.

வாங்கிய கடனை அடைக்க 2006 வரை வரி வசூல் தொடர்ந்தது. ஒரு தூண் கூட எழும்பவில்லை. ரயிலைக் கட்ட முடியுமா என்பதில் அல்ல, யார் எத்தனை ஆண்டு பணம் கட்டுவது என்பதில்தான் திட்டம் தோற்றது. 1962ல் போட்ட அந்த ஒரு மைல் பாதையில் மட்டும் ரயில் இன்னமும் ஓடுகிறது.